எடுத்துக் கொடுப்பவன்

நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு இருமல் வரக்கூடாது. வேறு எந்த வியாதி வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். இருபது வருஷத்துக்கு மேலாக, நாடகம் இருக்கிற நாட்களில் நான் தயிர் சாப்பிட்டதில்லை, ஐஸ் போட்ட எதையும் தொட்டதில்லை. சித்திரை வெயிலில், மின்விசிறி எட்டாத பக்கத்திரை மறைவில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விரதம் என்று தெரியும். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் பொன்ராஜ் சார் நேற்று என்னைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அவர்தான் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றார். களைப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் பெயர் தணிகாசலம். ஆதம்பாக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பகலில் ஒரு கம்பெனியில் தபால் அனுப்பும் குமாஸ்தா. அங்கே என்னைக் கூப்பிடுபவர்கள் கம்மி. சாயங்காலம் மயிலாப்பூருக்கு பஸ் ஏறினால்தான் எனக்கு நாள் ஆரம்பிக்கும். ராகவேந்திரன் சாரின் நாடகக் குழுவில், நடிகர்கள் மறந்தால் வசனம் எடுத்துக் கொடுப்பவன் நான். சார் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ் முனைக்குப் பின்னால் வீடு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் மதுவந்தி, கல்லூரியில் பாடம் நடத்துகிறாள்.

எங்கள் குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே நாடகம்தான். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், ஓடிப்போன மகனிடமிருந்து போன் வருமென்று காத்திருக்கிறார். அவராக சார் நடிப்பார். மகனாக நடிப்பவன் கிரீஷ் என்கிற பையன், கெட்டிக்காரன். கடைசியில் போன் வரும். சார் எடுத்துக் காதில் வைப்பார். பேசமாட்டார். அப்படியே நிற்பார். அரங்கத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, "சரிப்பா, வெச்சுடறேன்" என்பார். அந்த மௌனத்துக்காகவே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் ஆழ்வார்பேட்டையில் இருந்தார்கள், அடையாறில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த நேரம் முழுக்கத் திரை மறைவில் என் உதட்டிலும் அந்த வரி தயாராக இருக்கும். சாருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஆனாலும் இருக்கும்.

போன தீபாவளியை ஒட்டி சர்தார் காலர் மைக் வாங்கினார். சர்தார் ஐஸ்ஹவுஸ் பேட்டைக்காரர், எங்கள் நாடகங்களுக்கெல்லாம் அவருடைய மைக் செட்தான். சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக். ஒத்திகையில் போட்டுப் பார்த்தபோது சாரின் குரலோடு என் கிசுகிசுப்பும் ஸ்பீக்கரில் வந்தது. "இன்னா நைனா, ஹீரோ வாயத் தொறக்கங்காட்டியும் நீ பேசிக்கினு கீற. கடசி வரிசை வரைக்கும் கேக்குது" என்றார் சர்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒத்திகை முடிந்து சார் என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "சித்திரை விழாலேர்ந்து இந்த மைக்தான் தணிகாசலம். எல்லாருக்கும் பாடமாத்தானே இருக்கு. கால் வலியோட நிக்காம நீ முன்வரிசையில உக்காந்து நாடகத்தைப் பாரேன். இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட பார்த்ததில்லையே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் கால் வலி இருப்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தத் திரை மறைவு மட்டும்தான். நாலு பலகை அகலம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு குஷன் நாற்காலி தருகிறேன் என்றார்.

தை மாதம் திருவான்மியூரில் ஒரு குடியிருப்பு ஆண்டு விழா. பழைய மைக்தான். சார் போனை எடுத்தார், நின்றார். நான் வரியை எடுத்துக் கொடுத்தேன். வாய் தவறிவிட்டது என்று எழுதலாம். நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், உடனே வசனத்தைச் சொல்லிவிட்டார். மேக்கப் அறையில் முகத்தைத் துடைத்தபடி, "ரொம்ப நேரம் விட்டுட்டேனா?" என்று கேட்டார். "கொஞ்சம் சார். யாருக்கும் தெரியல" என்றேன். யாருக்கும் தெரியவில்லை என்று சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அப்புறம் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாடகத்தில் இன்னோர் இடத்தில், அதற்கடுத்ததில் இரண்டு இடங்களில். சார் நிறுத்துகிற இடங்களாகப் பார்த்து, அவர் மூச்சு விடுவதற்குள் வரியைக் கொடுத்தேன். தான் மறந்துவிட்டதாகவும் நான் காப்பாற்றியதாகவும் அவர் நினைத்துக்கொண்டார். நன்றி சொன்னார். பிறகு பயந்துபோய் நிறுத்தாமலே பேச ஆரம்பித்தார். அவசரத்தில் நிஜமாகவே தடுமாறினார். அதற்கும் நான் இருந்தேன்.

வீட்டிலும் சிலது செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் போனால் அவர் ஏதாவது கதை சொல்வார், "நேத்தே சொன்னீங்களே சார்" என்பேன். மூக்குக் கண்ணாடியை இடம் மாற்றி வைப்பேன், பிறகு நானே தேடிக் கொடுப்பேன். ஒருநாள் மதுவந்தி என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "மாமா, அப்பாகிட்ட ஏதாவது வித்தியாசம் தெரியறதா?" என்று கேட்டாள். "அப்படி ஒண்ணும் இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அந்தப் பெண் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

சாருக்குச் சர்க்கரை உண்டு. மதுவந்தி மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்தாள். "சாயங்காலம் வரச்சே நீங்களே எடுத்துக் குடுத்துடறேளா மாமா? போட்டுண்டாரா இல்லையான்னு அவருக்கே சந்தேகம் வந்துடறது." சரி என்றேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது.

பங்குனி உற்சவம் முடிந்து மாட வீதியில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்த வாரம். ஊரே விழாவாக இருந்தது. பூங்காவில் குழந்தைகள் ஓவியப் போட்டி, தி. நகரில் கோலப் போட்டி, தெருவுக்குத் தெரு வாய்ப்பாட்டு. சித்திரை நாடக விழாவுக்குத் தட்டி எழுதி வைத்துவிட்டார்கள். காலர் மைக் முடிவு மட்டும் மாறவில்லை. அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த சார், நடுவில் நிமிர்ந்து, போட்டுண்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொன்று போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. கை நடுங்கியது. செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டு, வாசலில் யாரோ நிற்கிறார்கள் பார் என்றார். சர்க்கரையைக் கரைத்து நான்தான் புகட்டினேன். தெளிந்ததும் என் கையை விடவே இல்லை. "காலர் மைக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீ பக்கத்துல நில்லு, போறும்" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. போகிற வழியில் கபாலி கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்தேன், அவர் பேருக்கு.

அதோடு நின்றிருக்கும். நான் நிறுத்தியும் விட்டேன். மதுவந்தி அவரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த டாக்டர் ஏதேதோ கேள்வி கேட்டுவிட்டு, மறதியெல்லாம் ஒன்றுமில்லை, மேடைப் பயமாக இருக்கும், தைரியமாக நடியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

சித்திரை விழாவில் எங்களுக்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். முதல் நாள், நாடகம் முடிகிற வரைக்கும் சார் பட்டினிதான், அது அவர் பழக்கம். மேக்கப்புக்கு முன்னால் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டார், நான்தான் கொடுத்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. சார் அன்று நடித்ததுபோல எப்போதும் நடித்ததில்லை. கடைசிக் காட்சியில் போனை எடுத்தார், நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் பார்க்காமலே, இந்தப் பக்கத்துக் கையை மட்டும் லேசாக விரித்து, வேண்டாம் என்று காட்டினார். பிறகு அவர் பாட்டுக்கு நின்றார். எத்தனை நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "சரிப்பா, வெச்சுடறேன்" என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் மதுவந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது தெரிந்தது.

மேக்கப் அறையில் குழந்தை மாதிரி சிரித்தார். "பார்த்தியா, இன்னிக்கு ஒரு வார்த்தை நீ எடுத்துக் குடுக்கலை. டாக்டர் சொன்னது சரிதான். நாளைக்கு சர்தாரை அந்த மைக்கைக் கொண்டுவரச் சொல்லிட்டேன். நாளைக்கு நீ முன்வரிசை. மறுக்கப்படாது." என் தோளில் கை போட்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கிரீஷ் கைதட்டினான்.

கொஞ்சம் பொறுத்து, மற்றவர்கள் சாமான் ஏற்றப் போன பிறகு, "மாத்திரை ஆச்சோ?" என்று பழக்கத்தில் கேட்டார். அவரே சந்தேகப்படாமல் இருந்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. "இல்ல சார், மேக்கப் அவசரத்துல விட்டுட்டீங்க" என்றேன். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் வாடியது. கையை நீட்டினார். ஒன்று வைக்க வேண்டிய இடத்தில் நிறையவே வைத்தேன். எண்ணிப் பார்க்காமல், கேட்காமல், தண்ணீரோடு விழுங்கினார். என்னிடம் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மதுவந்தி ஆட்டோவோடு வந்தபோது சார் முகம் கழுவப் போயிருந்தார். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா ஏதாவது சாப்பிட்டாரா மாமா?" பக்கத்து மேசையில் அவருக்கு வாங்கி வைத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. "மூணு இட்லி சாப்ட்டாரும்மா. ரொம்பக் களைச்சிருக்காரு, வீட்டுக்குப் போனதும் தூங்கட்டும், எழுப்பாத" என்றேன். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். பசி, பஸ்ஸிலேயே சாப்பிட்டேன்.

காலையில் அவர் கொஞ்சம் தளர்ந்து எழுந்திருப்பார், பேச்சு குழறும், நான் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன், சாயங்காலம் மேடையில் ஒவ்வொரு வரியும் என் வாயிலிருந்து அவர் வாய்க்குப் போகும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான். அந்தப் பெண் அப்பாவை எழுப்பவில்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். விடிந்து காபியோடு போய்த் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம்.

மேக்கப் அறையில் நான் விட்டுவிட்டு வந்த மாத்திரை அட்டை காலியாக இருந்ததை அவள்தான் போலீசிடம் காட்டினாள். இங்கே ஸ்டேஷனில் என்னைப் பார்த்தபோது சத்தம் போடவில்லை. "ஏன் மாமா?" என்றாள். பதில் சொல்ல எனக்கு ஆசைதான். முதல் வார்த்தை வரவில்லை, அங்கே எனக்கு எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

கொன்றேன் என்று தெளிவாக எழுத வேண்டும் என்கிறார் பொன்ராஜ் சார். ராகவேந்திரன் சாரைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் கூட இல்லை. எழுதிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன்.

ஒரு விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. நேற்று சர்தார் வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனார். விழாவின் கடைசி நாளில் சாரின் நினைவாக அதே நாடகத்தை மறுபடி போடுகிறார்களாம். ஸ்டேஷன் மாஸ்டராக கிரீஷ். எல்லா வசனமும் பாடமாம், ஒத்திகையில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லையாம், பக்கத்தில் ஆளே வேண்டாம் என்றுவிட்டானாம். சின்னப் பையன், சொல்லத்தான் செய்வான். ஆனால் போனை எடுத்த பிறகு அவனும் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும், காட்சி அப்படி. அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் என்னை வெளியே விட்டால் நல்லது. அவனைத் தனியாக விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.