முருகனுக்கு விட்ட சிக்கன் சாப்

ஒட்டுக்கேட்டதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். முருகன் மன்னிக்கட்டும்.

மலேசியாவில் சித்தியவான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. சாலையோரத்தில், பொரித்த கோழியில் சாஸ் ஊற்றித் தரும் சிக்கன் சாப்புக்குப் பேர்போன ஸ்டேக் கடை தெரிந்ததும் அந்த அம்மா கேட்டார்: "நாளைக்கு மகன்கிட்ட கார இங்க நிறுத்தச் சொல்லவா?"

"வேணாம்லா. பேருதான் பெருசு, சாப்பாட்டுல ஒண்ணுமில்ல."

"அப்படியா? என் ஆப்பரேஷன் நல்லா முடியணும்னு நேந்துக்கிட்டு, இந்தக் கடை சிக்கன் சாப்ப இனிமே தொடமாட்டேன்னுதானே முருகனுக்கு விட்டீங்க? ஒண்ணுமில்லாததக் கொடுத்து சாமிய ஏமாத்துனீங்களா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்ல கடைதான்லா. அந்த மாதிரி சாப் எங்கயும் கெடைக்காது. நீ சாப்பிடு, நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன்."

இதை யாருக்குச் சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள். கடையை மட்டும் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். அவர் கொடுத்தது குறைந்துபோகும்.