கன்னக்குழி கட்சி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, வீட்டில் இதுகூடக் கிடையாது. முதலிலிருந்தே சொல்கிறேன். வயசானவன் பேச்சு, நடுவில் மறித்தால் தடம் மாறிவிடும்.

நான் தியேட்டரில் படம் ஓட்டியவன். என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, அதே தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம், அந்தக் காலத்துக் கதாநாயகிகளில் யார் உசத்தி என்று சண்டை போடுவது. நான் கன்னக்குழி கட்சி. அந்த நடிகை சிரித்தால் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நாற்காலிகளே நெளியும். அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் என்று நான் சொன்னால், அதில் பொய் அரைக்குடம்தான். அவன் பெரிய கண் கட்சி. நான் முட்டைக்கண்ணு என்பேன், அவன் மகாராணி என்பான்.

"வசனமே வேணாம் மாமா. அந்தக் கண்ணு ஒரு தடவை மூடித் திறந்தா போதும், ஜனம் அழுதுடும்."

"உனக்கென்னடா தெரியும்? படம் ஓடுறப்ப நீ பார்த்ததெல்லாம் கவுன்டர் ஓட்டைதானே."

டீக்கடையில் எங்களுக்கென்றே தனி பெஞ்சு. என் மனைவி தம்பியிடம் சொல்வாள்: "என் மூஞ்சில எந்தப் பக்கம் மச்சம்னு கேளு, முழிப்பாரு. அவ கன்னத்துக் குழிய மட்டும் கண்ண மூடிட்டு வரைவாரு." உண்மைதான். நான் மறுத்ததில்லை.

ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை. என் ஆள் இளம் வயதிலேயே போய்விட்டார். அவனுடைய ஆள் நரைத்த தலையோடு பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் மைதானத்திலேயே இல்லாதபோது இன்னொருவர் ஜெயித்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் போட்டியா, நீங்களே சொல்லுங்கள்.

தியேட்டரின் ஆண்டு விழாவுக்கு முதலாளி அவனுடைய மகாராணியின் பழைய படத்தைப் போட்டு, அந்தம்மாவையே விருந்தாளியாகவும் அழைத்தார். பழைய மெஷினை ஓட்டத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். ஆக, முட்டைக்கண்ணைத் திரையில் காட்டும் பாக்கியம் எனக்கே வந்தது. வாசலில் அந்தம்மா என் மச்சினன் கையைப் பிடித்துப் பேசினார். அவன் சட்டைக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே இந்தச் சட்டை தண்ணியே பார்க்காது. உங்க ஆளு வந்து போடுவாங்களா மாமா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். நிறையவே சிரித்தேன்.

மெஷின் ரூமைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மெஷினில் பல்பு கிடையாது. ஒரு பெட்டிக்குள் இரண்டு கரிக்குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி எரியும். வெல்டிங் பட்டறை வெளிச்சம். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். பெட்டிக் கதவைத் திறந்து வெறுங்கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் எதிரே யானை நின்றாலும் தெரியாது. ரூமுக்கு வெளியே இருட்டு. இருட்டில் செங்குத்தாக இரும்புப் படி. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வெளியே போனாலும், "சுவரப் பிடி, கண்ண மூடி நில்லு" என்று ஆபரேட்டர் குரல் கொடுப்பார். முதலாளி, டீ கொண்டுவருபவர், எலி பிடிக்க வந்தவர் என்று ஒருவரையும் நான் விட்டதில்லை. பூனைக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

இடைவேளை முடிந்து மச்சினன் அந்தம்மாவைப் படியேற்றிக் கூட்டிவந்தான். "மாமா, மகாராணிக்கு மெஷின் பார்க்கணுமாம்." ரூம் சின்னது, நீ கீழே நில்லு என்று அவனை அனுப்பிவிட்டேன்.

அந்தம்மா நல்லவர். சுவரில் நான் ஒட்டியிருந்த கன்னக்குழியின் படத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "இவங்கன்னா எனக்கு உசிரு. ஆனா அந்தக் குழி நிஜமில்லீங்க. தினமும் மேக்கப் அண்ணன் பென்சில்ல இழுத்துவிடுவாரு. நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்."

எனக்குக் கோபம் வரவில்லை. "கரி எரியறதப் பார்க்கறீங்களாம்மா" என்று கேட்டு, பெட்டிக் கதவை அகலமாகத் திறந்தேன். அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆசை தீரப் பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு வெளிக்கதவைத் திறந்து மரியாதையாக ஒதுங்கி நின்றேன். சுவரைப் பிடி என்று சொல்லவில்லை. விரலால்கூடத் தொடவில்லை. அந்தம்மா என் மச்சினன் காலடியில் போய் விழுந்தார்.

படியின் உச்சியில் குறுக்கே மாட்டும் சங்கிலி எங்கே என்று கேட்டீர்கள். எண்ணெய் போடுவதற்காகக் காலையிலேயே கழற்றிவிட்டேன். பென்சில் பேச்சு வருவதற்கு முன்பே எப்படி என்று கேட்பீர்கள். அந்தப் பேச்சு வரும் என்று துருவுக்குத் தெரியுமா, ஐயா?

ஆனால் விஷயம் தலைகீழாகிவிட்டது. எல்லாப் பத்திரிகையிலும் அந்தக் கண்கள். எல்லாத் தியேட்டரிலும் அந்தம்மா படம். மச்சினன் அதே சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், ஊரே அவனுக்கு ஆறுதல் சொல்கிறது. என் கன்னக்குழியைப் பற்றி ஒரு வரி கிடையாது. நீங்களும் விபத்து என்று எழுதி மூடப் பார்த்தீர்கள். அதனால்தான் நானாக நடந்து வந்தேன்.

கொன்றது நான். யாருக்காக என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். என் கன்னக்குழியின் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். வீட்டில் பெட்டி நிறைய இருக்கிறது. வலது கன்னத்தில் குழி விழுகிற படமாகப் பார்த்து எடுங்கள். சிலதில் இடது கன்னத்தில் இருக்கும். அது படம் கழுவியவன் திருப்பிப் போட்ட தப்பு.