அடகுக்கு வந்த அம்மா

"ஹலோ... ஆமா, ஷெல்டன்... கேக்குது, கேக்குது, சொல்லு... பெரகல சந்தியிலதான் இருக்கேன், டீக்கடையில. நீ சொன்ன மாதிரியே நாலு பேர் இருக்க எடம். வீட்டுக்கு வரச் சொல்லல... ஆமா, ஆமா... காரா? கார் இங்க இல்லப்பா. வாங்க வந்தவரு ட்ரயல் பாக்கக் கொண்டு போயிருக்காரு."

யாகோப்பு மாஸ்டர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கொழும்பிலிருந்து மகன் போட்ட சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்டது. பழைய மாருதியை அவர் ஆசைப்பட்டு விற்கவில்லை. பனிமூட்டத்தில் ஓட்டக் கண் ஒத்துழைக்கவில்லை. போதாததற்குக் காற்று வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மழை வலுப்பதற்குள் தகரம் போட்டாக வேண்டும். அதற்கு இந்தக் காரைத் தவிர அவரிடம் வேறு வழியில்லை.

"கத்தாத மகன். நீ சொன்னதெல்லாம் மனசுல வச்சிருக்கேன். சும்மா சாவியக் குடுக்கக் கூடாது, அவங்களோடது ஏதாச்சும் நம்ம கையில இருக்கணும்னு சொன்னியா இல்லையா?... அதான். வாங்கி வச்சிருக்கேன்... ஐடி இல்ல. ஐடிய விடப் பெருசு... அட, அவரோட அம்மாவ வச்சிருக்கேன்ப்பா... கடத்தலா? வாயக் கழுவு. எனக்கு முன்னாலதான் ஒக்காந்து டீ குடிக்கிறாங்க."

"... ..."

"எப்படித் தெரியும்னா? கொஸ்லந்தையில இருந்து ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் வந்தாங்க. அவரு கையப் புடிச்சு எறக்கி விட்டாரு, டீயும் பனிசும் வாங்கிக் குடுத்தாரு, காத்துப் படாத எடமாப் பாத்து ஒக்கார வச்சாரு. இந்தக் காலத்துல எந்தப் புள்ள அப்படிச் செய்யுது? நீ செய்வியா?... சரி, சரி, அத விடு... நானா? நானும் கார்ல ஏறிட்டா இந்தம்மாவ யாரு பாத்துக்குறது?"

"... ..."

"பேரு துஷாந்த்... எந்த துஷாந்த்னா, அதெல்லாம் கேக்கல. பெத்த தாய விட்டுட்டுப் போறவர்கிட்ட முழுப் பேரு கேப்பாங்களா?... சரிப்பா, இப்ப கேக்குறேன். இரு."

எதிரே பனிசு ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்த முதிய பெண்ணைப் பார்த்து மாஸ்டர் மரியாதையாகச் சிரித்தார்.

"அம்மா, டீ போதுமா? வடை ஒண்ணு சொல்லவா?... உங்க மகன் முழுப் பேரு என்னம்மா?... இல்லம்மா, இப்ப கார எடுத்துட்டுப் போனாரே, அவரு... ... உங்களுக்கு மகனே இல்லையா?"

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை இறக்க அவருக்குத் தோன்றவில்லை.

"ஷெல்டன்... இருக்கியா... இந்தம்மா பேரு அங்கம்மாவாம். அப்புத்தளையில இருக்க மகளப் பாக்கப் போறாங்களாம். ரோட்டுல பஸ்சுக்கு நின்னவங்கள அவரு பாவம்னு ஏத்திட்டு வந்திருக்காரு... டீயும் பாவம்னுதான்... நீயும் நானும் செய்யாததா? நம்ம பக்கத்துல ரோட்டுல நிக்கிறவங்கள யாரு விட்டுட்டுப் போவா?... தெரியுது, இப்ப அது முக்கியமில்ல, தெரியுது."

கூரையோடு காரும் போயிற்று. வீட்டில் ஒழுகும் இடமெல்லாம் வாளி வைத்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டி மரியகொரட்டிக்கு என்ன பதில் சொல்வது? அந்த நேரம் பார்த்து அப்புத்தளை பஸ் வந்து நின்றது.

"அம்மா, எங்க போறீங்க? ஒக்காருங்க... பஸ்சு போகட்டும்மா, அடுத்தது வரும்... தம்பி, இவங்க ஏறல, நீங்க போங்க. ரைட், ரைட்... இல்ல ஷெல்டன், இவங்க அவரோட அம்மா இல்லைனு எனக்கும் தெரியும். ஆனா எங்கிட்ட இருக்கது இவங்க ஒருத்தர்தானே."

"... ..."

"பொலிசுக்கா?... கார் நம்பரா? இரு... இத்தன வருசம் ஓட்டுனேன், இப்ப வாய்க்கு வர மாட்டேங்குது... இரு, இரு, இரு. வருது. நம்பர் இல்லப்பா, காரே வருது. நம்ம வண்டிதான்... ஆனா உள்ள ஒரு கூட்டமே இருக்கு."

"... ..."

"ரவுடி எல்லாம் இல்லப்பா. மரக்கறிப் பையோட ரெண்டு பொம்பளைங்க, ஸ்கூல் புள்ளைங்க, ஒருத்தரு மடியில சேவல்... வழியில நின்ன அத்தன பேரையும் ஏத்தியிருக்காரு மனுசன். அதான் லேட்டு. இவ்வளவு பேரோட மேட்டுல முக்காம மொனகாம ஏறுச்சாம். பேரம் பேசாம வாங்குறேங்கிறாரு... சிரிக்காத. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அழுகை வந்தது உண்மைதான். மூக்கை உறிஞ்சி, அதைக் குளிரின் கணக்கில் எழுதினார்.

"ஆமா, ஆமா, சொல்லிட்டேன். காசு பண்டாரவளை பேங்க்லதான், நாளைக்கு. பேரு மாத்தாம வண்டியத் தர மாட்டேன்னும் சொல்லியாச்சு... இப்பவா? அங்கம்மாவ நான்தானே பஸ்ஸ விட வச்சேன்? அப்புத்தளையில எறக்கி விடச் சொன்னேன். எல்லாரும் ஏறிட்டாங்க, எனக்குத்தான் எடமில்ல... ஆமாப்பா. கார் போயிருச்சு."

போன் மறுபடியும் ஒரு சாண் தள்ளிப் போனது.

"கத்தாத, கத்தாத. இந்த வாட்டி ஏமாறல. வண்டி கெளம்புறப்ப ஐடி கார்டக் குடுங்கன்னு ஜன்னல்ல கைய விட்டுக் கேட்டேன். கேட்ட ஒடனே எடுத்து நீட்டிட்டாங்க. சட்டப் பையில பத்திரமா இருக்கு... வாசிக்கவா? இரு, கண்ணாடியப் போடுறேன்."

கண்ணாடியில் படிந்திருந்த பனியை இடுப்புச் சாரத்தின் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"பேரு... அங்கம்மா."

"... ..."

"ஹலோ?... என்னா செய்யச் சொல்ற, நம்ம தோட்டத்துச் சனத்துக்கிட்ட யாரு ஐடி கேட்டாலும் கை தானா நீட்டிரும். அத எடுக்க எவ்வளவு அலைஞ்சவங்க... இல்ல மகன், நீ பயப்படாத. அதே சனம் ஐடிய விட்டுட்டு எங்கயும் போகாது. அந்தம்மா இதுக்காகத் திரும்பி வந்தே ஆகணும். அவரு அவங்கள நடக்க விடுவாரா? கார்லதான் கூட்டிட்டு வருவாரு... நான் மொதல்லயே சொன்னேன்ல, அவங்கதான் நமக்கு அடகுன்னு... ஹலோ? ஷெல்டன்?... கட் பண்ணிட்டான்."