இரண்டு தட்டிலும் பச்சை

கரமனை தந்த கண்மணியே! நுண்ணோக்கியின் முன் நோன்பிருந்த நுண்மதியே! பொய்யோடு பொருந்தாப் புலமைப் பேரரசியே! முனைவர் நாகலக்ஷ்மி அம்மையீர், வணக்கம்!

புற்றை வளர்க்கும் நொதியைப் பூட்டிப்போட மருந்து வேண்டும், அது உயிரணுவுக்குள் எங்கே போய் ஒட்டுகிறது என்று கண்ணுக்கும் தெரியவேண்டும் என்று, மருந்தின் வாலில் மின்னும் சாயம் கட்டி, சேர்மம் சேர்மமாக வடித்தீர்கள். பணிக்காலம் முழுவதும் அதிலேயே போயிற்று. மருந்து வரவில்லை. பணி ஓய்வு விழா மேடையில் இதைச் சொல்வது வழக்கமில்லைதான். ஆனால் வழவழா கொழகொழா என்று பேசினால் தங்களுக்கே பிடிக்காது.

ஒரே ஒருமுறை உயிரணுக்கள் பச்சையாக மின்னின. ஆய்வகமே கைதட்டியது. உயிரணு வளர்க்கும் ஷிஜாவோ அழுதாள். அவள் கணவர் பிரபினைப் புற்று தின்றுகொண்டிருந்தது, டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். தாங்கள் மட்டும் கைதட்டாமல், அந்த நொதியே இல்லாத உயிரணுக்களிலும் அதே சேர்மத்தை விட்டுப் பார்த்தீர்கள். அவையும் மின்னின. நொதியை விட்டுவிட்டுக் கொழுப்பில் போய் ஒட்டியிருந்தது அந்தச் சேர்மம்.

"வெறும் ஒளிதான்டீ இது," என்றீர்கள். மலையாளத்தில் வளர்ந்த ஷிஜாவுக்கு ஒளி என்றால் ஒளித்து வைப்பது. மேடம் மருந்தை ஒளித்து வைத்திருக்கிறார், பரிசோதனை முடிந்ததும் தருவார் என்றே நம்பினாள். பிரபினிடமும் அதையே சொல்லி, ஆஸ்பத்திரி வார்டிலேயே அவரைக் கிடத்திக் காத்திருந்தாள். பொறுமை தீர்ந்த அன்று தங்கள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எந்தினா மேடம் ஒளிச்சு வச்சிருக்கீங்க? ஒரு துள்ளி தந்தா போரும், பிரபின் பிழைச்சிடும்."

கையைப் பிடித்து அவளை நுண்ணோக்கி முன் உட்கார்த்தி, நொதி உள்ள உயிரணுத் தட்டு, நொதி இல்லாத தட்டு, இரண்டையும் காட்டினீர்கள். "மருந்து இல்லடீ. இருந்தா தரமாட்டேனா? ஆத்துக்கு அழைச்சுண்டு போ. அவரோட இரு." கல்நெஞ்சக்காரி என்று தங்களைத் திட்டிக்கொண்டே போனாள்.

ஆனாலும் பிரபினை வித்துரா ஊரிலுள்ள வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே, அந்த மருந்து வருமா என்று பிரபின் கேட்டார். இல்லை என்றாள் ஷிஜா. அதன்பின் அவர் மருந்துப் பேச்சே எடுக்கவில்லை. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கேட்டார். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தாம் போனபின் அவள் எங்கே இருப்பது என்று பேசினார். பேசி முடிக்க அவகாசம் இருந்தது, அவ்வளவுதான். இதை இங்கே எழுதச் சொன்னதும் ஷிஜாதான்.

பெருந்தகையீர்! நூறாண்டு வாழ்க என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. ஆயுளைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? உடல் நலமும் உள்ள நிறைவும் உற்றார் துணையும் தங்களுக்கு வாய்க்கட்டும். என்றைக்காவது தாங்கள் கட்டிலில் கிடந்து கேட்கும்போது, உண்மையைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவா ஆய்வகத்தார்,
திருவனந்தபுரம்.