மதுமதிக்கு ஒரு ஃபேர் காப்பி

காலிதா நர்சம்மாவுக்கு ஜெயசுதா எழுதுவது.

நீங்கள் பிள்ளையைப் பார்க்க வந்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள். கட்டிலில் என் தம்பி பெண்சாதி மதுமதி. தொட்டிலில் நாற்பது நாள் பிள்ளை. குவைத்திலிருந்து தம்பி அருள்முருகன், பால்பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த போனில். மதுமதியை ஒட்டி நான். பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்றுதான்.

"தூக்கம் வருதாம்மா?" என்று அவளைக் கேட்டீர்கள்.

"நல்லாத் தூங்குறா" என்றேன்.

"பிள்ளை பெத்தது நீங்களா, அவுகளா?"

நான் சிரித்தேன். மதுமதி சிரிக்கவில்லை. அவளுக்குத் தமாஷ் மெதுவாகத்தான் ஏறும்.

தாயில்லாப் பெண் என்பதால் பிரசவம் எங்கள் வீட்டில். அவள் அய்யா மலையாண்டி கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். காது கேட்காது, கடிதம்தான். மதுமதியின் எழுத்தோ கோழி கிண்டிய மாதிரி, வரிக்கு இரண்டு பிழை. நான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். நீங்கள் போன மறுநாள் அவள் அய்யாவுக்கு எழுதியதைப் பார்த்து, "கொடு, ஃபேர் காப்பி எடுத்துத் தாரேன்" என்றேன்.

"அப்படியே எழுதுவீகளா மதினி?" என்றாள். வெகுளி.

"பிள்ளை மூச்சு விடுதான்னு ராவெல்லாம் விரல் வச்சுப் பாக்குறேன்" என்று எழுதியிருந்தாள். "பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறேன்" என்று எழுதினேன். விஷயம் ஒன்றுதான், இது அடக்கமாக இருக்கிறது. "நான் இல்லாட்டி இவன் நல்லா இருப்பான், வந்து கூட்டிட்டுப் போங்கய்யா" என்பது, "இவன் நல்லா இருக்கிறான், மிளகாய்ப் பழம் பறித்த பிறகு வாங்கய்யா" என்று ஆனது.

பதில் வந்தது: "சந்தோசம் தாயி. உன் எழுத்து முத்து முத்தா இருக்கு."

அவளுக்கே வாசித்துக் காட்டினேன். பாராட்டு யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு மதுமதி எழுதவில்லை, அழவுமில்லை. தெளிந்துவிட்டாள் என்று தம்பிக்குச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கடலுக்குள் நடந்தாள். கரைவலை இழுத்தவர்கள் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்து ஸ்டூலில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

"முன்னமே யாருக்குத் தெரியும்?" என்று கேட்டீர்கள். எனக்குத்தான். பிழையோடு எழுதினாலும் அவள் புரியும்படிதான் எழுதியிருந்தாள். தம்பி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான், ஊர் ஒரு பேர் வைக்கும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னபடி அவள் அய்யாவுக்கும் எழுதிவிட்டேன். மதுமதி சொன்னது ஒரே வரி: "உடனே வாங்கய்யா." உடனே என்றால் பெரியவர் பதறிப்போவார். "சாவகாசமாக" என்று திருத்தி, உறையை ஒட்டி, காலையிலேயே தபாலில் சேர்த்துவிட்டேன்.