ரெண்டு கழித்தல் குறி

குடிச்சிட்டு ஆபத்துச் சிக்னல் பொட்டியத் தலைகீழாப் புடிச்சிருப்பான், அதான் திசை மாறிருச்சுன்னு வர்ற வழியில படகுல ஒருத்தர் உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லிட்டிருந்தாரு ஒதிலியாக்கா. கேட்டுட்டு உக்கார முடியல, இறங்கி நேரா இங்க வந்துட்டேன். நான் மரிசெல். மீனவர் சங்கத்து ரேடியோ நிலையத்துல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற பொண்ணு. உங்க வீட்டுக்காரரு பொட்டி வாங்க வந்த அன்னிக்கு, இந்தப் பொண்ணு பேசுமா, இல்ல இதுக்கும் பேட்டரி போடணுமான்னு கேட்டாரே, அது நாந்தான்.

ஊத்துங்கக்கா, குடிக்கிறேன். நன்றின்னு சொன்னா போதும்னு நெனச்சு மாத்தே டீ ஊத்துறத நிறுத்திருவீங்க, அதான் சொல்லல.

பொட்டிய எப்படிப் புடிச்சாலும் சிக்னல் வந்துரும். வந்துச்சு, ஒம்பது மணி நேரம். எங்க ஆன்டெனா ரெண்டு எண் குடுக்கும். கிழக்கால எவ்வளவு, வடக்கால எவ்வளவு. மேற்கு, தெற்குன்னா கழித்தல் குறியோட வரும். ரெண்டையும் சேத்தா ஒரு கலப்பெண். அதோட கோணந்தான் படகு இருக்கிற திசை. சிங்கிற கம்ப்யூட்டர் மொழியில கார்க்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ரெண்டு குறியையும் பாத்துக் கோணத்தச் சொல்லும். எங்க சின்னச் சிப்புக்கு அது பாரம்னு நெனச்சு, ஒண்ண இன்னொண்ணால வகுத்துக் கோணம் எடுத்தேன். அவரு இருந்தது தென்மேற்குல. கழித்தலக் கழித்தலால வகுத்தா குறி ரெண்டும் போயிரும்ல? திரையில வடகிழக்குன்னு காட்டுச்சு. தேடப் போன ஏழு படகும் அங்கதான் போச்சு.

சோதிச்சோம்க்கா. பொட்டியத் தூக்கிட்டு நிலையத்து முற்றம் பூரா நடந்தோம், வேலி வரைக்கும். முற்றம் கிழக்குப் பக்கம். மேற்கால கடல்தானே, அங்க பாக்கணும்னா சங்கத் தலைவர்கிட்டப் படகு கேக்கணும். எனக்குக் கேக்கக் கூச்சம். முற்றத்துல எப்பவும் சரியாத்தான் காட்டுச்சு.

ஆமா, அவரு மேல ஒரு தப்பும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். அக்கா, அடுப்புல மில்காவ், அந்த உருளைக்கிழங்கு அடை, கருகுது பாருங்க. இருங்க, நான் எடுக்கிறேன்.

இந்தத் தப்பு எனக்கு எப்பத் தெரிஞ்சுதா? செவ்வாக்கிழமை. இல்லக்கா, அதுக்கு அப்புறம் இல்ல. அவரு போறதுக்கு முந்தின செவ்வாய். காகிதத்துல சும்மா போட்டுப் பாத்தேன், கண்ணுல பட்டுச்சு. அன்னிக்கே மாத்தி எழுதிட்டேன், ஒரே வரி. ஆனா நிலையத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா சங்கக் கூட்டத்துல எழுந்து நின்னு, தப்பு என்னோடதுன்னு சொல்லணும். கூட்டம் வெள்ளிக்கிழமை. என்ன பேசணும்னு எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். அவரு வியாழக்கிழமையே கடலுக்குக் கிளம்பிட்டாரு.

அன்னிக்கு நான் கஸ்ட்ரோ டவுன்ல எங்க வீட்டுல இருந்தேன். மறுநாள் வந்தப்ப சிக்னல் நின்னு போயிருந்துச்சு. தென்மேற்கையும் பாருங்கன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், யாரு காதுலயும் விழல. கூட்டம் நடக்கல.

அடக்கத்தன்னிக்கு நீங்க என்னப் பாத்திருக்க மாட்டீங்க. எல்லாரும் சர்ச்சுல உங்ககூட நின்னப்ப, நான் நிலையத்துக்குப் போயி, யாருகிட்டயும் சொல்லாம, மாத்தி எழுதின அந்த வரிய ஏத்திட்டேன்.