வெள்ளை மட்டும் அடித்த பேனல்கள்

அலுமினியத் தகட்டில் துளை போடுகிறவன் அவசரப்படக் கூடாது, ஐயா. அவசரப்பட்டால் டிரில் பிட் வழுக்கி ஓடிவிடும், தகடு முழுக்கக் கீறல் விழும். எட்டு வருடத்தில் நான் ஒரு தகட்டைக்கூடக் கெடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் செய்த வேலையைப் பரிசோதிக்கக் கரண்ட் ஆபீசிலிருந்து வந்த ஆள், 'வயரிங் கோளாறு, கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மாதவன் செத்ததற்கு அதுதான் காரணமாம். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரும் கூப்பிடாமல் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்தது அதனால்தான். என் வயரிங்கில் கோளாறு கிடையாது.

என் பெயர் சென்னியப்பன். திருப்பூர் பல்லடம் ரோட்டில் எங்கள் அண்ணன் ஆறுமுகசாமி நடத்தும் நிட்டிங் கம்பெனியில் மெஷின்களின் கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் முழுக்க என் பொறுப்பு. வாசல் போர்டில் அண்ணன் பெயர், லெட்டர்பேடில் அண்ணன் பெயர், மெஷின் ஓடாமல் நின்றால் மட்டும் "சென்னி எங்க போய்த் தொலைஞ்சான்" என்று என் பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. செத்துப்போன போர்டுகளிலிருந்து உருவிய திருகு குமிழ்களையும் கோயமுத்தூரில் வாங்கிய ஐசி சில்லுகளையும் வைத்து, கரண்டில் இசைச் சத்தம் எழுப்பும் சிந்தசைசர் கட்டினேன். கடையில் விற்கும் கீபோர்டு மாதிரி இல்லை, ஐயா. மாடுலர் என்பார்கள். தனித்தனிப் பெட்டிகள். ஒன்று சத்தத்தை உண்டாக்கும், ஒன்று அதை வடிகட்டும், இன்னொன்று ஏற்றி இறக்கும். முன்பக்கத் தகடுதான் பேனல். அதில் இருக்கும் துளைகளில் வயரைச் செருகி எதை எதோடு சேர்க்கிறோமோ அதற்குத் தகுந்தபடி சத்தம் மாறும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வரைபடங்களைப் பிரிண்ட் எடுத்து, நானே கற்றுக்கொண்டது. அண்ணன் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு, "ஏன்டா சென்னி, நாய் ஊளையுடறாப்ல இருக்குது. இதைய எவன்டா கேப்பான்?" என்றார்.

மாதவன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். பனியனில் படம் அச்சடிக்கும் சின்ன பிரிண்டிங் யூனிட், எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் நடத்தினான். அந்த ஷெட்டை அண்ணனிடம் பேசி வாங்கிக் கொடுத்தது நான். அவனை நான் வேற்றாளாக நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வருவான், நானே டீ வாங்கிக் கொடுப்பேன்.

பேனலில் எழுத்து அடிக்க வழி கண்டுபிடித்தவன் அவன்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். பனியனுக்கு வைக்கிற அதே மாதிரி ஸ்கிரீனை, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் மை இறங்கும் வலைச் சட்டத்தை, தகட்டின்மேல் வைத்து, மையை மட்டும் மாற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. கறுப்புத் தகட்டில் வெள்ளைக் கோடும் எண்ணும் வந்து நின்றதை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த இரண்டாயிரத்து எட்டாம் வருடம் ஆடி மாதம், பனியன் தரம் பார்க்க ஜெர்மனியிலிருந்து தோமாஸ் என்று ஒருவர் கம்பெனிக்கு வந்தார். சத்தத்தைக் கேட்டு என் அறைக்குள் எட்டிப் பார்த்தவர் ஒரு மணி நேரம் நகரவில்லை. அவர் ஊரில் இப்படிக் கட்டுகிறவர்களுக்கென்றே கண்காட்சி நடக்கிறதாம். ஆறு பெட்டி கொண்ட செட் ஒன்று செய்து கொடுங்கள், கொண்டுபோய் வைக்கிறேன், செய்தவர் பெயர் பேனலில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக என் பெயர் ஒரு பொருளின்மேல் வரப்போகிறது. அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் படவில்லை.

ஆறு தகட்டையும் துளை போட்டு மாதவனிடம் கொடுத்து, பெயர் வர வேண்டும் என்று சொன்னேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே. முடியிற வரைக்கும் நீங்க எட்டிக்கூடப் பாக்கக் கூடாது" என்றான். என் பேனலை நான் பார்க்கக் கூடாதாம். நாலாம் நாள் அவன் இல்லாத நேரமாகப் போனேன். ஆறும் கம்பித்தட்டில் காய்ந்துகொண்டிருந்தன. கோடுகள் எல்லாம் கச்சிதம். கீழே ஓரத்தில் மிளகளவு எழுத்தில் 'அச்சு: மாதவன்'. மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு. என் பெயர் எங்கேயும் இல்லை.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஷெட் வாங்கிக் கொடுத்தவன் நான். நான் போய்க் கேட்டு, அவன் காரணம் சொல்லி, அதை நான் கைகட்டி நின்று கேட்க வேண்டுமா? எங்கள் அண்ணன் செய்ததையே இவனும் செய்கிறானே, இவனுக்கு என்ன யோக்கியதை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பதினொரு நாள் அவனோடு சிரித்துத்தான் பேசினேன்.

பேனல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, அவன் ஷெட்டில் பவர் சப்ளையோடு ஓர் இரும்புச் சட்டம் நிறுத்தி, என் பழைய பெட்டி இரண்டை அதில் மாட்டியிருந்தேன். அவனுக்கு ஒரு பழக்கம். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் ஸ்கிரீன் கழுவுவான். கரண்ட் வந்ததும் ஃபேனைக்கூடப் போட மாட்டான். நேராக என் சட்டத்துக்கு வந்து ஸ்விட்சைப் போட்டு, ஒரு திருகைத் திருகி, சத்தம் வந்த பிறகுதான் மறுவேலை. ஈரத் தரை, வெறுங்கால், ஈரக் கை. அந்தச் சத்தம் அவ்வளவு பிடிக்கும் அவனுக்கு.

வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் கட். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் மனைவி அனுசுயா ஷெட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வெண்ணெய் வேண்டும் என்று சொல்லி அவளை ஊத்துக்குளிக்கு அனுப்பினேன். சில நாள் அவளும் அந்தத் திருகைத் தொடுவாள். அந்தப் பெண்ணிடம் எனக்கு என்ன விரோதம்? அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எர்த் வயரைக் கழற்றினேன். உள்ளே இன்னொரு வயரைச் சட்டத்தோடு சேர்த்தேன். சுத்தமான வேலை. பன்னிரண்டு மணிக்குக் கம்பெனியில் மெஷின்கள் ஓட ஆரம்பித்தபோது நான் என் அறையில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சிந்தசைசர் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். அனுசுயா உள்ளே போய் ஒரு ஸ்கிரீனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "வெள்ளை அடிச்சு முடிச்சுட்டாருண்ணே. செவப்பு மை சென்னையிலருந்து வரணும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. உங்க பேர எம்புட்டுப் பெருசாப் போட்ருக்காரு பாருங்க" என்றாள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் அழுதாள்.

உங்கள் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். 'தன் பெயரை விட்டுவிட்டதாகத் தவறாக எண்ணி' என்று எழுதியிருக்கிறார். நல்ல மனுஷர், எனக்கு உதவி செய்வதாக நினைத்திருப்பார். ஆனால் அது தப்பு, திருத்தச் சொல்லுங்கள். தப்பாக எழுதியதன் கீழ் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்த ஸ்கிரீனை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேன், ஐயா. அனுசுயாவை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தது. வெயிலில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது, பேனலின் அகலம் முழுக்க என் பெயர். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பதினொரு நாள் சுமந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? இவன் அடித்துக் கொடுத்துத்தான் என் பெயர் ஜெர்மனிக்குப் போக வேண்டுமா, அதற்கு நான் இவனிடம் போய் நன்றி சொல்ல வேண்டுமா என்றும் தோன்றியது. அனுசுயா அப்போது கேட் தாண்டவில்லை, கூப்பிட்டால் திரும்பி வந்திருப்பாள். கூப்பிடவில்லை. என் பெயரை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எர்த் வயரைக் கழற்றினேன்.